போட்டனான், எடுக்கேல்லை

2025 ஆகஸ்ட் 16, சனி

காலையிலிருந்து மழை. வேதா கராஜ் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாள். "என்னங்க, இங்க கார் நிறுத்தணுமா, உங்க மியூசியம் நடத்தணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லிடுங்க."

மியூசியம் என்றால் ஒரு பழைய சர்வர், ஒரு டேப் டிரைவ், நான்கு பிஸ்கட் டின் நிறைய பேக்கப் டேப்கள். மெல்பர்னில், டண்டினொங் பரோட்டா தொழிற்சாலையில் ஏழு வருடம் கணினிகளைக் கட்டிக் காத்ததற்கு எனக்கு மிஞ்சியது. சர்வரில் இருப்பதையெல்லாம் தினமும் விடியற்காலையில் டேப்பில் நகல் எடுப்போம். வெள்ளிக்கிழமை டேப் மட்டும் என்னோடு வீட்டுக்கு வரும், தொழிற்சாலை தீப்பிடித்தாலும் ஒரு நகல் வெளியே இருக்கட்டும் என்று. தீ எதுவும் பிடிக்கவில்லை. 2018-இல் மூடிவிட்டார்கள். அலமாரியில் கிடந்த மற்ற நாள் டேப்களையும் அன்று நானே அள்ளி வந்தேன். டேப்களை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. என்னையே கேட்காதவர்கள் டேப்பையா கேட்பார்கள்?

டின்னுக்கு அடியில் அந்தப் படம். 2014 ஆயுத பூஜை. அங்கே பூஜையை ஆரம்பித்ததே நான்தான். மாவு பிசையும் இயந்திரம், ஃபோர்க்லிஃப்ட், கடைசியில் என் சர்வர் அறை. டேப் டிரைவின் நெற்றியில் அகலமாக மூன்று பட்டைத் திருநீறு, நடுவில் சந்தனம், குங்குமம். பொரி, சுண்டல், ஐம்பது பேர் சிரிப்பு. முதலாளி கௌரிசங்கர்கூட கைகூப்பி நிற்கிறார். அப்படி ஒரு நாள் எனக்கு இந்த ஊரில் அதற்குப் பிறகு வாய்க்கவில்லை.

படத்தின் வலது ஓரம் பின்பக்கமாக மடிந்திருக்கிறது. நான்தான் மடித்தேன். அந்த ஓரத்தில் உமாசுதன் இருக்கிறான்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஆஃபீஸில் இன்று பதினேழு பேருக்கு பாஸ்வேர்ட் மாற்றிக் கொடுத்தேன். டீம் லீடருக்கு வயது இருபத்தேழு. "குட் ஜாப், பாலா" என்றான்.

ஆகஸ்ட் 23, சனி

டண்டினொங் மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து, "பாலா அண்ணை."

பதினோரு வருடம் கழித்தும் அந்தக் குரல் தெரிந்தது. உமாசுதன். முன்தலை வழுக்கை, அதே ஒல்லி. என்னைவிட மூன்று வயதுதான் குறைவு. எனக்கு முன்னாலேயே கிழவனாகிவிட்டான்.

நலம் விசாரிக்கவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தான். 2010-இல் படகில் வந்தவன். இன்னும் விசா முடிவாகவில்லை, தற்காலிகப் பத்திரத்திலேயே பதினைந்து வருடம். இப்போது குடியேற்ற அமைச்சருக்கு ஒரு கடைசி மனு. "லோயர் கேக்கிறா, ஒழுங்கா வேலை செய்த ஆள் எண்டு காட்ட ஏதும் இருக்கோ எண்டு. மற்ற இடமெல்லாம் கடிதம் தந்திட்டினம். பரோட்டாக் கொம்பனிக் கடிதம் ஒண்டுதான் இடிக்குது."

அந்தக் கடிதம் எனக்குத் தெரியும். 'கவனக்குறைவு காரணமாக நீக்கப்பட்டார்.'

"வருகைப் பதிவு இருந்தா போதும் அண்ணை. நாலு வருசத்தில ஒருநாளும் நான் பிந்தி வரேல்லை. கௌரிசங்கரிட்டக் கேட்டனான். அவர் இப்ப சிட்னியில, டூங்கபியில. எல்லாம் ஸ்கிராப்புக்குப் போயிட்டுதாம். உங்களிட்ட டேப் இருக்குமெண்டு நினைச்சன். செப்டம்பர் பத்தொன்பதுக்குள்ள குடுக்கோணும்."

"பார்க்கிறேன்" என்றேன். முருங்கைக்காயை வாங்காமலே வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

எந்த முகத்தோடு என்னிடம் கேட்கிறான்?

எழுதியே வைக்கிறேன். உமாசுதன் இரவுத் துப்புரவு வேலை. விடியற்காலை ஷிஃப்ட் முடிந்து கிளம்புமுன் பழைய டேப்பை எடுத்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும். அவ்வளவுதான் அவன் பொறுப்பு. 2014 நவம்பர் 14 அன்று சர்வரின் டிஸ்க்குகள் ஒன்றாகப் போயின. டேப்பைப் பார்த்தால், ஆறு வாரமாக ஒன்றுமே பதிவாகவில்லை. பேக்கப் மென்பொருளின் பதிவேட்டில் தினமும் ஒரே வரி: 'டேப் இல்லை.' ஆறு வாரத்து ஆர்டர்கள் போயே போய்விட்டன. கௌரிசங்கர் என்னைக் கூப்பிட்டுக் கத்தினார். நான் ஒரு வரி மெயில் அனுப்பினேன்: டேப் போடப்படவில்லை, பொறுப்பு உமாசுதன். உள்ளதைத்தானே சொன்னேன்? அவனுக்கு வேலை போனது. எனக்கு என்ன மிஞ்சியது? வரவேண்டிய மேனேஜர் பதவி முதலாளியின் மச்சான் செந்தில்நாதனுக்குப் போனது. எக்செல்லில் கூட்டல் போடத் தெரியாதவன்!

வேதாவிடம் சொன்னேன். கோலமாவு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே சொன்னாள்: "அவர் உங்ககிட்ட மன்னிப்பா கேட்டார்? வருகைப் பதிவுதானே கேட்டார்."

ஆகஸ்ட் 27, புதன்

ரயிலில் வரும்போது அந்தக் காலை நேரங்கள் ஞாபகம் வந்தன. நான் ஆறு மணிக்குப் போவேன். அவன் கிளம்பத் தயாராக, பால் விடாத பிளேன்ரீ பிளாஸ்கோடு சர்வர் அறை வாசலில் உட்கார்ந்திருப்பான். நான் கொண்டுபோகும் ஃபில்டர் காபியை முகர்ந்துவிட்டு, "இது கசாயம் அண்ணை, காய்ச்சல்காரருக்குக் குடுக்கலாம்" என்பான். உள்ளே டேப் ஓடும் ஓசை, வெளியே பரோட்டா சுடும் வாசனை. ஒரு கால் மணி நேரம். அதற்காகவே அரை மணி முன்னால் வீட்டை விட்டுக் கிளம்பியிருக்கிறேன்.

இதை இப்போது ஏன் எழுதுகிறேன்?

ஆகஸ்ட் 30, சனி

சர்வரை இயக்கிப் பார்த்தேன். முதலில் மின்விசிறி மட்டும் சுற்றியது. மெமரியைக் கழற்றித் துடைத்துப் போட்டதும் உயிர் வந்தது. கேபிள் தேட ஒரு மணி நேரம். பேக்கப் மென்பொருள் பாஸ்வேர்ட் கேட்டது. கை தானாக அடித்தது. மகள் வர்ஷா பிறந்த தேதி.

டேப் டிரைவ் அந்தப் பழையதுதான். டிஸ்க் போனதோடு கம்பெனி புதியது வாங்கியது. இதை எப்போதாவது சரிபார்க்கலாம் என்று தூக்கி வந்தவன், தொட்டதே இல்லை.

2014 செப்டம்பர் 26 டேப்பைச் செருகினேன். உள்ளே போனது. ஒரு முனகல். வெளியே தள்ளிவிட்டது. மறுபடி செருகினேன். தள்ளியது. திரையில்: 'டேப் இல்லை.'

வேறு டேப். அதுவும்.

கையில் டேப்பைப் பிடித்துக்கொண்டு செருகுகிறேன். அது 'டேப் இல்லை' என்கிறது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ஒரு நினைவு. கேன்டீன் வரிசை, 2014 அக்டோபர். உமாசுதன் என் தோளைத் தொட்டான். "அண்ணை, அந்த மெசின் டேப்பை வெளியில தள்ளுது." நான் செந்தில்நாதனோடு பேசிக்கொண்டிருந்தேன். "அழுத்திப் போடு" என்றேன்.

அழுத்திப் போடு. இதை நான் எப்படி மறந்தேன்?

மதியம் டின்களைக் கவிழ்த்து எல்லா டேப் உறைகளையும் பிரித்தேன். ஒவ்வொரு உறைக்குள்ளும் தேதி எழுத ஒரு அட்டை உண்டு. அதை எழுதுவதும் அவன் வேலைதான். நான் அந்த அட்டைகளைப் பார்த்ததே கிடையாது. பொடி எழுத்து, நீல மை.

'3/10 காலை 5.40. போட்டனான், எடுக்கேல்லை.'
'6/10 காலை 5.35. போட்டனான், எடுக்கேல்லை. அண்ணைக்குச் சொன்னது.'
'7/10 காலை 5.40. மூண்டு தரம் போட்டனான். எடுக்கேல்லை.'

அட்டைகளைத் தேதிப்படி அடுக்கினேன். நவம்பர் 13 வரை முப்பது வரி. ஒரு வேலைநாள்கூட விடுபடவில்லை. மெல்பர்ன் கப் குதிரைப் பந்தய விடுமுறையன்றுகூட வந்து போட்டுப் பார்த்திருக்கிறான்.

வெள்ளிக்கிழமை டேப்களிலும் அதே வரி. ஒன்றும் பதியாத டேப்பை, அவன் எழுதிய அட்டையோடு, ஒவ்வொரு வெள்ளியும் பத்திரமாக என் காரில் வைத்து ஓட்டி வந்திருக்கிறேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

வேலைக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 6, சனி

டிரைவின் மூடியைத் திறந்தேன். டேப் நுழையும் வாயிலும் உள்ளிருக்கும் உருளைகளிலும் வெள்ளைத் தூசி. கட்டியாகப் பிடித்திருந்தது.

மாவு! அப்படித்தான் முதலில் பாய்ந்தது மனசு. கை கழுவாமல் தொட்டிருக்கிறான், மாவுக் கையோடு. கடைசியில் குற்றம் அவனுடையதுதானே? ஒரு நிமிடம், வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், சந்தோஷமாக இருந்தது.

பஞ்சில் எடுத்துப் பார்த்தேன். தூசியில் ஒரு செம்பொட்டு. விரலில் தேய்த்து முகர்ந்தேன். பதினோரு வருடம் கழித்தும் லேசாக வாசம் இருந்தது.

மாவு சந்தனம் மணக்காது.

செப்டம்பர் 7, ஞாயிறு

படத்தை எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்று பட்டை. டேப் நுழையும் வாயின் மேலேயே பூசியிருக்கிறேன். ஈரச் சந்தனம் வேறு. அக்டோபர் 2, வியாழன். மறுநாள் காலையிலிருந்து டிரைவ் டேப்பை எடுக்கவில்லை.

பூசியது என் கை. அது மட்டுமா? தினமும் காலையில் 'பேக்கப் நடக்கவில்லை' என்று எனக்கு ஒரு மெயில் வரும். ஆறு வாரம் அதைத் திறக்காமலே அழித்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் பதவிக்கு அலைந்துகொண்டிருந்த நேரம். இதையெல்லாம் நான் மறக்கவில்லை. மடித்துத்தான் வைத்திருந்தேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

அவன் கேட்டது வருகைப் பதிவு. அதைக் கொடுத்தால் போதும். திருநீறு விஷயம் எனக்கும் டிரைவுக்கும் தவிர யாருக்குத் தெரியும்?

பஞ்சால் துடைத்தால் அதுவும் போய்விடும்.

செப்டம்பர் 13, சனி

துடைத்தேன். ஆனால் அதற்கு முன்னால் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொண்டேன்.

புதிதாக வாங்கிய கிளீனிங் டேப்பை இருமுறை ஓடவிட்டேன். பிறகு செப்டம்பர் 26 டேப். உள்ளே போனது. முனகல். தள்ளவில்லை. கிர்ர் என்று இழுத்துச் சுற்ற ஆரம்பித்தது. அந்த ஓசை! கராஜின் சிமெண்ட் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பரோட்டா வாசனைகூட வந்தது மாதிரி இருந்தது.

நாற்பது நிமிடத்தில் கோப்புகள் வந்தன. வருகைப் பதிவு 2011 முதல் 2014 செப்டம்பர் வரை. ஒருநாளும் தாமதமில்லை. மிச்ச ஆறு வாரம் டேப்பில் இல்லை, அட்டைகளில் இருக்கிறது.

வேதா காபி கொண்டுவந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அட்டைகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். "அட்டையை மட்டும் குடுத்தா பத்தாதுங்க. அந்த மெயில் போட்டது நீங்கதானே?"

செப்டம்பர் 14, ஞாயிறு

காலையில் கடிதம் எழுதினேன். முதல் பிரதியில் 'தொழில்நுட்பக் கோளாறு' என்று எழுதி, கிழித்தேன். இரண்டாவதில் 'தவறு நிகழ்ந்துவிட்டது.' யார் செய்தது? கிழித்தேன். மூன்றாவது: இயந்திரம் பழுதானது நான் செய்த காரியத்தால். அதை உமாசுதன் அப்போதே என்னிடம் சொன்னார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் மீது நான் சொன்ன புகார் பொய்.

மாலையில் அவர் வீட்டுக்குப் போனேன். ஒரு அறை, ஒரு நாற்காலி. என்னை அதில் உட்காரவைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். கடிதத்தை மெதுவாக இரண்டு தரம் படித்தார். அட்டைகளை எண்ணினார்.

"திருநீறு எண்டு எனக்கு அப்பவே தெரியும் அண்ணை. ஊதிப் பாத்தனான், சேட்டுத் துணியால துடைச்சும் பாத்தனான். உள்ளுக்குப் போயிட்டுது."

"பிறகு ஏன்யா சொல்லலை?"

"உங்கட பூசையாலதான் மெசின் பழுதாப் போச்சு எண்டு எப்பிடிச் சொல்லுறது? அண்டைக்குத்தான் நீங்கள் அவ்வளவு சந்தோசமா நிண்டனீங்கள். நீங்களே வந்து பாப்பீங்கள் எண்டு நினைச்சன். அதாலதான் அட்டையில எழுதினது."

அட்டைகளைத் திரும்ப அடுக்கிக்கொண்டே சொன்னார்: "பாக்கேல்லை. அதுதான் எனக்குக் கோவம். வேலை போனதுக்கில்லை."

பிளேன்ரீ கொடுத்தார். குடித்தேன்.

செப்டம்பர் 18, வியாழன்

கடிதத்தில், சான்றொப்பமிடும் அதிகாரமுள்ள ஜே.பி. ஒருவர் முன்னால் கையெழுத்துப் போட்டு, லோயர் அலுவலகத்தில் என் கையாலேயே கொடுத்தேன். ரசீது வாங்கிக்கொண்டேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. அமைச்சர் அலுவலகத்திலிருந்து இன்னும் பதில் இல்லை. மாதக்கணக்கில் ஆகும், ஆனால் கம்பெனிக் கடிதம் இனி இடிக்காது என்று லோயர் சொன்னாராம்.

அவரைக் கூப்பிட்டிருந்தேன். வேலை முடிந்து நேராக வந்தார். கராஜில் பூஜை. கார், வேதாவின் தையல் மெஷின், வர்ஷாவின் லேப்டாப், பழைய சர்வர், டேப் டிரைவ். அந்தப் படத்தையும் நிமிர்த்தி வைத்திருந்தேன், முழுதாக.

படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. "இதென்ன அண்ணை, சுண்டல் தட்டோட என்னை மட்டும் மதில் கட்டி மறிச்சு வைச்சிருக்கிறீங்கள்?"

"மடிந்திருந்தது" என்றேன்.

யார் மடித்தது என்று அவர் கேட்கவில்லை.

வேதா திருநீற்றுத் தட்டோடு வந்தாள். காருக்குப் பூசினாள், தையல் மெஷினுக்குப் பூசினாள், மூன்று விரலை நனைத்துக்கொண்டு டேப் டிரைவின் பக்கம் குனிந்தாள்.

"வேண்டாம்!" இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.