சிட்ஜஸ் கடற்கரையில் ஆடி அமாவாசை

ஸ்ட்ரெதம், லண்டன்
2.8.1995

அன்பு மகள் சிவகௌரிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும் என்று வெஸ்ட் ஈலிங் அம்மனைக் கேட்டபடிதான் பேனையைத் தொடுகிறேன், இங்கே நானும் அப்பாவும் சுகம், என் முழங்கால்தான் படி ஏறும்போது முறைப்பாடு வைக்கிறது. ஸ்பெயின் போய் வந்த கதையைக் கேட்டிருந்தாய். பக்கத்துத் தெரு பெர்னடெற் அன்ரியும் கிறிஸ்துராஜா மாமாவும் விடாப்பிடியாக நின்று எங்களைப் பார்சலோனாவுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள், அங்கிருந்து வியாழக்கிழமை காலை ரெயினில் சிட்ஜஸ் என்ற கடற்கரை ஊருக்குப் போனோம், பகல் முழுக்க ஆறுதலாக இருந்துவிட்டுப் பொழுதுபடத் திரும்புவதென்று எண்ணம். ரெயினில் அன்ரி மீன் கட்லட் பெட்டியைத் திறந்தா. நான் இரண்டைத் தின்று முடித்துவிட்டேன், அப்பா தொடவில்லை, வயிறு சரியில்லை என்றார். மீன் கட்லட்டை வேண்டாம் என்கிற மனிசனா அவர்? அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது, அன்று ஆடி அமாவாசை. குசினிக் கலண்டரைப் பார்க்காமல் ஊர் சுற்றினால் இப்படித்தான், தகப்பன் இல்லாதவர்கள் விரதம் பிடிக்கிற நாளில் நான் அவருக்குப் பக்கத்தில் இருந்து மீன் தின்கிறேன். அவருடைய சேட்டுப் பொக்கெற்றில் சின்னப் பொட்டலம் ஒன்று தெரிந்தது. எள். எனக்கு ஒரு சொல் சொல்லாமல் லண்டனிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார், கண்டதும் பயந்துபோனேன்.

அப்பா தன்னைப் பெற்ற அப்புவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பது வழமைதானே, அதற்கு ஏன் அம்மா பயந்தா என்று நினைப்பாய். போன மாதம் கொழும்பிலிருந்து சித்தப்பா போன் எடுத்தார். தொண்ணூறில் பஸ் ஏறினவன் குகன், ஐஞ்சு வருசமா ஒரு தகவலும் இல்லை, இனி எங்க வரப்போறான், பிள்ளையின்ர ஆத்துமாவை அலையவிடாதையுங்கோ அண்ணை, செய்யவேண்டியதைச் செய்யுங்கோ என்று சொன்னாராம். அப்பா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து உன் அண்ணாவின் பெயர் இந்த வீட்டில் எழும்பவில்லை.

அந்த ஊரைப் பற்றி விளக்கமாக எழுத ஆசைதான், ஆனால் நான் எதை ஒழுங்காகப் பார்த்தேன். கடலுக்கு மேலே மேட்டில் பெரிய தேவாலயம், அன்ரி போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தா, மாமா குடைக்குக் கீழே குறட்டை. சுற்றிவரப் பெண்கள் அரைகுறை உடுப்போடு வெயில் காய்ந்தார்கள், வேறு நாளென்றால் அதை வைத்தே அப்பாவை ஒரு கிழமை பகிடி பண்ணியிருப்பேன். அன்று என் கண் அந்தப் பொக்கெற்றை விட்டு அசையவில்லை, அன்ரி வாங்கித் தந்த ஐஸ்கிரீம் கையிலேயே உருகி ஓடியது. மத்தியானத்துக்கு முன்னம் கால் நனைச்சிட்டு வாறன் என்று அப்பா எழும்பினார். நானும் பின்னாலே போனேன், சேலை நனைவதைப் பார்க்கவில்லை. அவர் காற்சட்டையோடேயே இடுப்பளவு தண்ணீரில் நின்று தன் அப்பாவின் பெயரைச் சொன்னார், பிறகு அவருடைய தகப்பன், பிறகு பூட்டன், ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் எள். அதற்குப் பிறகும் உள்ளங்கையில் எள் இருந்தது. கையை மூடவுமில்லை, கவிழ்க்கவுமில்லை. பிள்ளை, அந்தப் பெயரை அவர் சொல்லிவிட்டால் எங்கள் பிள்ளையை நாங்களே அனுப்பிவைத்த மாதிரி. அவர் திரும்பி என்னைக் கண்டார். என்னால ஏலாமக் கிடக்கு, நீ சொல்லு, இதையும் தண்ணியில விடட்டோ என்று கேட்டார். இது பிள்ளை தகப்பனுக்குச் செய்யிறது, அவன் வந்து உங்களுக்குச் செய்யட்டும் என்றேன். சொன்ன பிறகுதான், இவருடைய சாவையல்லவா வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் என்று எனக்கே விளங்கியது. அப்பா மிச்ச எள்ளை லேஞ்சித் துணியில் முடிந்துகொண்டு என் கையைப் பிடித்தார். கரையில் அன்ரி கேட்டதற்குக் கண்ணுக்குள் உப்புத் தண்ணி போய்விட்டது என்று சொன்னோம்.

ரொறன்ரோவில் வீடு மாறப்போவதாக எழுதியிருந்தாய், மாறு, ஆனால் போன் நம்பரை மாற்றாதே, உன்னுடைய அந்த நம்பர்தான் அவனிடம் இருக்கிறது. சித்தப்பா உன்னோடு கதைத்தால் மரியாதையாகக் கேட்டுக்கொள், ஒன்றுக்கும் ஓம் சொல்லாதே. நேரத்துக்குச் சாப்பிடு. அம்மாளாச்சி உன்னை வழிநடத்தட்டும்.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேருக்கும் அம்மா,
கமலாம்பிகை