ஆற்றோரப் பூங்காவில் கேட்டது

அன்புள்ள உனக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மகள் வீட்டில் நீயும் பேத்தியும் அப்படியே இருக்க வேண்டும். தொலைபேசியில் நாம் பேசுவதை நாலு பேர் கேட்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

உன்னை இங்கே அழைத்துக்கொள்வது பற்றி மகனிடம் பேசுகிறேன் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். பேசிவிட்டேன். வீட்டில் வைத்துக் கேட்கத் துணிவு வரவில்லை. கூடத்தில் என் கட்டில், அதை ஒட்டி மருமகளின் அலுவலக மேசை. தும்மல் வந்தாலும் தொந்தரவோ என்று அடக்கிக்கொள்கிறவன் நான். ஆகவே ஞாயிறு காலை, தெருக்கோடியில் ஆற்றை ஒட்டியிருக்கும் சின்னப் பூங்காவுக்கு அவனைக் கூட்டிப்போனேன்.

பூங்கா என்று பெயர்தான். இரண்டு அடுக்ககங்களுக்கு நடுவே விட்டுப்போன துண்டு நிலம். சில பெஞ்சுகள், ஒரு சறுக்குமரம், கரையோரம் இரும்புக் கம்பி. தண்ணீர் கறுப்பாகத்தான் ஓடுகிறது. ஆனாலும் காற்று வரும். எதை முதலில் சொல்வது, எதைப் பிறகு சொல்வது என்று முந்தின நாளே அங்கே போய்ச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கம்பியோரம் நின்று நான் முணுமுணுப்பதைக் கண்ட காவலாளி, "பெரியவரே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நீங்க விழுந்தா எனக்கு வேலை போயிடும்" என்றார். சிரித்து வைத்தேன்.

மகன் வரும்போதே முகம் வெளுத்திருந்தான். ஒருவழியாகக் கேட்டு முடித்தேன். "அப்பாடா! இவ்வளவுதானா? ஏதோ பெரிய வியாதின்னு சொல்லப் போறீங்கன்னு நெனைச்சேன்ப்பா" என்று சிரித்தேவிட்டான். அந்தச் சிரிப்பில் எனக்கு ஒரு கணம் நம்பிக்கை வந்தது.

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா இங்க வந்துட்டா பாப்பாவை யாருப்பா பாத்துக்குவா? தங்கச்சி வேலையை விடணும். நீங்க அங்க போகலாம்னா, மாப்பிள்ளையோட அப்பாவும் அங்கதானே இருக்காரு, இடம் பத்தாது. கொஞ்சம் பொறுங்கப்பா, பாப்பா பள்ளிக்கூடம் போகட்டும்" என்றான். அவன் கெட்டவன் இல்லை. சொன்னதில் தவறும் எனக்குத் தென்படவில்லை. குழந்தைக்கு இன்னும் பல்லே முளைக்கவில்லையே என்று சொல்ல நினைத்தேன். "நீ சொல்றதும் சரிதான்" என்றுதான் வாயில் வந்தது.

வேறொருவன் இதையே இன்னும் நன்றாகக் கேட்டிருப்பானோ என்னவோ. மறுபடி கேட்க எனக்குத் தெம்பில்லை.

நான் வந்து அழைத்துப்போவேன் என்று நீ பையைக் கட்டி வைத்திருப்பதாக மகள் சொன்னாள். பிரித்துவிடு. நல்ல புடவைகள் மடிப்பிலேயே கிடந்தால் இற்றுப்போகும்.

நீ நெடுநாள் நன்றாயிருக்க வேண்டும். நானும் முயன்று பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உன் கணவன்