உணவுப் பயன்பாட்டுக்கு ஏற்றது

ஜூன் 3, 2025, செவ்வாய்

பேசாமல் இருந்தது போதும். ஆறு மாதம் ஆகிறது. இனி இந்த நோட்டிலாவது பேசுகிறேன்.

காலையில் நாற்காலியில் கிடந்த மகள் ஹரிணியின் துப்பட்டாவை எடுத்து மடித்தேன். மாம்பழ வாசனை. சீசனில் இந்த மாவட்டமே மாம்பழமாகத்தான் மணக்கும், அது வேறு. இது முதலில் பழுத்த பாதாமி மாம்பழம், அடியில் லேசாக வெண்ணெய், கடைசியில் மூக்கின் உச்சியில் ஒரு சில்லிப்பு. அந்தச் சில்லிப்பு எந்தப் பழத்திலும் கிடையாது. எங்கள் ஆலையில் சேர்ப்பது.

ஓசூர் சிப்காட்டில் உள்ள எசன்ஸ் ஆலையின் ஆய்வகத்தில் எனக்கு இருபத்திரண்டு வருடம். நான் முகர்ந்து, சோதித்து, கையெழுத்துப் போட்டால்தான் டிரம் வெளியே போகும். எம்.எஸ்சி., எம்.ஃபில். மேனேஜர் நாற்காலி மட்டும் எனக்குப் பதினோரு வருடம் பின்னால் வந்த விஜயகுமாருக்கு. எலுமிச்சை வாசனைக்கும் நாரத்தை வாசனைக்கும் அவனுக்கு வித்தியாசம் தெரியாது. சிரிக்கத் தெரியும்.

டிசம்பரில் லாரி டிரைவர் ஆஞ்சப்பன் சொன்னான்: “சார், பார்டர் தாண்டி நாம எறக்கறது மிட்டாய் கம்பெனியே இல்ல சார். ஷட்டர் போட்ட குடோன். உள்ள பசங்க சுண்டுவிரல் சைஸ் பாட்டில்ல ஊத்திக்கினு இருக்கறாங்க. வேப்புங்கறாங்களே, அந்தப் பொக இழுக்கற மிஷினு, அதுக்கு.”

விஜயகுமாரிடம் போனேன். “சார், நாம விக்கறது எசன்ஸ். வாங்கறவன் பாயசத்துல ஊத்தறானா, எதுல ஊத்தறான்னு பின்னாடியே போய்ப் பாக்க முடியுங்களா? உங்க கையெழுத்த நீங்க போடுங்க.”

போட்டேன். ‘உணவுப் பயன்பாட்டுக்கு ஏற்றது’ என்று சான்றிதழில் இருக்கிறது. பொய் இல்லை. சாப்பிடலாம். சூடாக்கி நெஞ்சுக்குள் இழுக்கலாமா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. இதைச் சொல்லிச் சொல்லியே ஆறு மாதம் சோறு தின்றேன்.

இப்போது அது என் வீட்டு நாற்காலியில்.

ஜூன் 4, புதன்

கேட்டேன். “பெர்ஃப்யூம்ப்பா” என்றாள், முகத்தைப் பார்க்காமல். நானும் மேலே கேட்கவில்லை.

ஜூன் 7, சனி

ஆய்வக உதவியாளன் பிரேம்குமார் போனை நீட்டினான். “சார், இந்தப் பொண்ணப் பாருங்க. நம்ம ஓசூருதான். என்னமா வளையம் வுடுது!”

பக்கத்தின் பெயர் ‘மேகக்காரி’. மூக்குக்கு மேலே முகம் தெரியாது. உதடு, புகை, வளையத்துக்குள் வளையம். பின்னால் மாலை வெயிலில் மேம்பாலம். முகவாயில் ஒரு தையல் தழும்பு. நாலு வயதில் ஹரிணி ஊஞ்சலிலிருந்து விழுந்தபோது அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் நான்.

“எத்தனை பேர் பார்க்கறாங்க இத?”

“முப்பத்தோராயிரம் ஃபாலோயர்ஸ் சார். ஏன் சார், உங்களுக்கும் வேணுங்களா?”

பிப்பெட்டைக் கழுவு என்றேன்.

ஜூன் 8, ஞாயிறு

நானும் ஒரு கணக்குத் தொடங்கினேன். முனீஸ்வரன் என்று பொய்ப் பெயர், படத்துக்கு ஒரு செவ்வரளி. நாற்பத்தாறு வீடியோவையும் பார்த்தேன். நான் செய்தி பார்ப்பதாக மனைவி சுகுணா நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இழு என்று ஹரிணி எதிலும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதே இல்லை. பாட்டு, வெயில், தோழிகளின் சிரிப்பு, தாவணி போல விரிகிற புகை. யாரும் ஒரு முறைகூட இருமுவதில்லை. கீழே: “அக்கா எந்த ஃப்ளேவர்?” “அக்கா நா டென்த், எனக்குத் தருவாங்களா?” அந்தப் பத்தாம் வகுப்புக்கு எவனோ பதில் போட்டிருக்கிறான்: “இன்பாக்ஸ் வா.” அரசு இதைத் தடை செய்து ஆறு வருடம் ஆகிறது.

நான் ஒரு கருத்து எழுதினேன். நல்ல தமிழில், வெப்ப அளவுகளோடு.

ஜூன் 12, வியாழன்

அதை அவள் வீடியோவில் வாசித்திருக்கிறாள். கிழவன் குரலில். “‘அன்புள்ள பெண்ணே, வயிற்றுக்கென்று செய்த நறுமணம் நுரையீரலுக்குப் பொருந்தாது.’ சரிங்க மாமா!” என்று சொல்லித் திரை முழுக்கப் புகை விட்டாள். இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள்.

மறுபடி எழுதினேன், ஆதாரங்களோடு. மறுபடி வாசித்தாள். இப்போது ‘மாமா சொல்றாரு’ என்று தொடரே ஓடுகிறது. முப்பத்தோராயிரம் ஐம்பத்திரண்டாயிரம் ஆகிவிட்டது. ஏற்றிவிட்டவன் நான்.

வெட்கக்கேடு ஒன்றையும் எழுதிவிடுகிறேன். நாலாவது கருத்தை எழுதும்போது வாக்கியத்தைச் செதுக்கினேன். இருபத்திரண்டு வருடத்தில் நான் எழுதிய அறிக்கை ஒன்றைக்கூட எவனும் கடைசிப் பக்கம் வரை படித்ததில்லை.

ஜூன் 15, ஞாயிறு

மூன்று நாளாக எழுதவில்லை. “மாமா செத்துட்டாரா?” “மாமாவ யாராச்சும் கூட்டியாங்கப்பா” என்று நூற்றுக்கணக்கில். எழுதினாலும் வளர்கிறது, எழுதாவிட்டாலும் வளர்கிறது. என் போன் இப்போது புகையைத் தவிர வேறு எதையும் காட்டுவதில்லை. எனக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறது.

ஜூன் 21, சனி

விற்கிறவனின் பக்கத்தைக் கண்டுபிடித்தேன். ‘லேப்ல டெஸ்ட் பண்ணது’ என்று ஒரு வீடியோ. ஒரு தாளை ஆட்டிக் காட்டுகிறான். ஆலையின் பெயரைக் கறுப்பால் மறைத்திருக்கிறான். எங்கள் டிரம்மின் தொகுதி எண்ணை மறைக்கவில்லை. கையெழுத்தையும் அதற்குக் கீழே எம்.எஸ்சி., எம்.ஃபில். என்பதையும்கூட.

என் கையெழுத்து. எவனும் மதிக்காத பட்டங்களை இவன் ஒருவன் மதித்திருக்கிறான்.

ஜூன் 22, ஞாயிறு

போனை ஹரிணியின் முன்னால் வைத்தேன். மறுக்கவில்லை.

“மாமா நீங்கதான்னு ரெண்டாவது கமெண்ட்லயே தெரியும்ப்பா. கமா, ஃபுல் ஸ்டாப் வெச்சு வேற யாரு திட்டுவா?”

“தெரிஞ்சுமா ஊர் சிரிக்க வாசிச்ச?”

“வீட்ல எங்கிட்ட நாலு வார்த்த சேந்தாப்ல பேசியிருக்கீங்களா? அதுலயாச்சும் பேசறீங்கன்னு இருந்துச்சு.”

அடுப்படியிலிருந்து சுகுணா: “எவன் மேலயோ இருக்கற கோவத்த மூஞ்சியில மாட்டிக்கினே ஊட்டுக்கு வந்தா, பொண்ணு எப்டி வாய தொறக்கும்?”

ஹரிணியிடம்தான் கேட்டேன். ஏம்மா இழுத்த? உனக்கு என்ன குறை வெச்சேன்?

“காலேஜ்ல நீட்டுனாங்க. வேணாம்னுதான் சொன்னேன். அப்பறம் அந்தப் பேப்பர் வீடியோவக் காட்டுனாங்க. பன்னண்டு வருஷம் என் ப்ராக்ரஸ் ரிப்போர்ட்ல பாத்த கையெழுத்துப்பா அது. நீங்க செக் பண்ணி அனுப்புனதுன்னா ஒண்ணும் ஆவாதுன்னு…”

என்ன சொல்வது? சாப்பிடலாம் என்றுதானே எழுதினேன் என்றா?

நிறுத்திவிடு என்றேன். “நிறுத்திப் பாத்தேன். நாலு நாள். கை நடுங்குது. கிளாஸ்ல ஒக்கார முடியல” என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

ஜூன் 23, திங்கள்

பார்டர் தாண்டிப் போகிற ஆறு டிரம் காத்திருந்தது. கையெழுத்துக்குப் பதிலாக ‘சூடாக்கி உள்ளிழுக்க ஏற்றதல்ல’ என்று எழுதித் தாளைத் திருப்பி அனுப்பினேன். விஜயகுமார் நேரில் வந்தான். சிரிப்போடு.

“சார், ஒடம்புக்கு முடியலீங்களா? ரெண்டு நாள் லீவு எடுத்துக்கங்க. இந்த வயசுல ரெஸ்ட் முக்கியம்.”

சாயங்காலம் பிரேம்குமாரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கிவிட்டான். அவனிடமும் ஒரு பி.எஸ்சி. இருக்கிறது. டிரம் போய்விட்டது. பிரேம்குமாருக்குக் கை நடுங்கவில்லை. முதல் தடவை எனக்கும் நடுங்கவில்லை.

வேலையை உதறலாம். ஐம்பத்தொரு வயதுக்காரனை வேறு எந்த எசன்ஸ் ஆலை எடுக்கும்? உதறினாலும் டிரம் போகும். இருந்தாலும் போகும்.

ஜூன் 26, வியாழன்

புகையை நிறுத்தி இரண்டாம் நாள். ஹரிணி தட்டை வீசினாள். சுகுணா பருக்கைகளைப் பொறுக்கினாள். நானும் குனிந்து பொறுக்கினேன்.

ஜூன் 27, வெள்ளி

டாக்டரிடம் போனோம். திட்டாமல் பேசினார். எப்படித்தான் முடிகிறதோ.

ஜூன் 29, ஞாயிறு

ஐந்தாம் நாள். ஹரிணி இட்லி சாப்பிட்டாள். மேகக்காரி பக்கத்தை மூடவில்லை. அதில் எதையும் போடவும் இல்லை.

ஊருக்குச் சொல்ல நான் பதினோரு பக்கம் எழுதியிருந்தேன். வாங்கிப் படித்தாள். விஜயகுமார், பதவி உயர்வு, 2016இல் எனக்கு நடந்த அநியாயம் எல்லாவற்றையும் பேனாவால் அடித்தாள்.

“இது உங்க சண்டப்பா. அந்த டென்த் பொண்ணுக்கு இது எதுக்கு?”

“அவன் சிரிச்சானே, அதையாவது வை.”

“வேணாம்.”

ஒரு பக்கம்தான் மிஞ்சியது. அந்தப் பாட்டிலில் என்ன இருக்கிறது, அந்தத் தாள் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை, தொகுதி எண்கள், கையெழுத்துப் போட்டவன் எழுதுகிறேன் என்பது, ஐந்து நாளாக ஒரு பெண்ணின் கை நடுங்குகிறது என்பது. கடைசி வரியைச் சேர்த்தவள் அவள்.

முனீஸ்வரன் மாமா கணக்கிலேயே போடுகிறேன். சிரிக்கத்தான் வருவார்கள். வரட்டும், படித்துவிட்டுச் சிரிக்கட்டும். ஆறு மணிக்குத்தான் கூட்டம் அதிகம் என்கிறாள் ஹரிணி. இப்போது ஐந்தே முக்கால்.

கீழே என் பெயரைப் போடப்போவதில்லை. போட்டால் மேகக்காரி யாரென்று ஊர் கண்டுபிடித்துவிடும். போடாவிட்டால், தொகுதி எண்களைப் பார்த்து ஆலையில் என்னை மட்டும்தான் கண்டுபிடிப்பார்கள்.