அம்பு ஒட்டிய வெள்ளைத் துணி

நேற்று பனியன் கம்பெனியில், துணியில் பழுது பார்க்கும் செக்கிங் டேபிளில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, கைக்கு எட்டிய துணியில் துடைத்து மாட்டிக்கொண்டு நிமிர்ந்தேன். மேலே டியூப் லைட்டைச் சுற்றிப் பால் சிந்தியதுபோல் ஒரு வெளிச்சம். பக்கத்தில் நின்ற பெண்ணின் கல் மூக்குத்தியைச் சுற்றியும் ஒரு வட்டம். பிரஷர் ஏறிவிட்டது என்றுதான் முதலில் பயந்தேன். கண்ணாடியைக் கழற்றினால் வட்டம் இல்லை, மாட்டினால் இருக்கிறது. நாலைந்து முறை கழற்றி மாட்டினேன். "ஏனுங்க மேடம், ஒடம்புக்கு முடியலீங்களா?" என்றாள் அவள். ஏழு மாதமாக நான் தேடிக்கொண்டிருந்த வெளிச்சம் அது, சம்பந்தியம்மா. உங்கள் கடைசிப் படத்தில் இருக்கும் அதே வெளிச்சம்.

அந்தப் படம் என் பீரோக் கதவில் ஒட்டியிருக்கிறது. உங்கள் சோமனூர் தறிக்குடோன், காலை பத்து மணி இருக்கும். கூரையில் பதித்த கண்ணாடி ஓட்டின் வழியாக வெயில் சரிந்து விழுகிறது. தறியிலிருந்து பறக்கும் பஞ்சுத் தூசி ஒவ்வொன்றும் தனித்தனி விளக்காக எரிகிறது. தறியின் விளிம்பு கூர்மையாகத்தான் இருக்கிறது, ஆனால் அதன் மேலே ஒரு மென்மை படர்ந்திருக்கிறது. ஒரு புதன்கிழமை அதை வாட்ஸப்பில் அனுப்பினீர்கள். நான் உடனே போன் போட்டு, எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

"நீங்கதான் செக்கிங் ஆளாச்சே, கண்டுபுடிங்க பார்க்கலாம். முடியலீன்னா ஞாயித்துக்கெழம வாங்க, சொல்றேன்."

வெள்ளிக்கிழமை உங்களுக்கு நெஞ்சுவலி வந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் வந்தபோது சொல்வதற்கு நீங்கள் இல்லை.

நம் கதையை யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். சம்பந்திகள் இரண்டு பேர், ஐம்பதைத் தாண்டியவர்கள், பழைய கேமராவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறித் திரிந்தார்கள் என்றால் யார் நம்புவார்கள்? அதுவும் நாம் தொடங்கிய லட்சணத்துக்கு! என் பெண்ணை உங்கள் மகனுக்குக் கொடுத்தபோது, சீர்த்தட்டுகளோடு உங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் ஆளுக்கொரு சிவப்பு டீ சர்ட் எடுத்து வைத்தேன். எங்கள் கம்பெனி சரக்குதான். முதல் சலவையிலேயே சாயம் போய், அதோடு ஊறிய உங்கள் வீட்டுக்கார அண்ணனின் வெள்ளை வேட்டி ரோஸ் நிறத்துக்கு வந்துவிட்டது. மறுவீட்டு விருந்தில், அத்தனை ஒரம்பரை சனத்துக்கும் நடுவில், "துணி செக் பண்றவங்க ஊட்டுச் சீரே சாயம் போகுதுங்களே" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

அதற்கப்புறம் இரண்டு வருடம் நமக்குள் "சாப்ட்டீங்களா", "சாப்ட்டோமுங்க" தவிர வேறு பேச்சு இருந்ததா? உங்கள் வீட்டுக்கு என்ன வாங்கி வந்தாலும் முதல் நாளே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆப்பிளைக்கூடத் துடைத்து, அடி காய்ந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் பையில் போடுவேன்.

பிள்ளைகள் இருவரும் பெங்களூர் போனபின் வந்த பொங்கலுக்கு, பட்டுச்சேலையும் பழத்தட்டுமாக உங்கள் வாசலில் நின்றேன். வீட்டில் யாரும் இல்லை. பின்னால் குடோனில் எட்டிப் பார்த்தால் நீங்கள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மாப்பிள்ளை விட்டுப்போன கேமராவின் வாயில் நூல் சுற்றும் அட்டைக் கோனை வைத்து இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொண்டிருந்தீர்கள். கோனின் நுனியில் பிக் கிளாஸ். தறிக்காரர்கள் ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணிப் பார்க்கும் அந்தச் சின்ன மடக்குக் கண்ணாடியைத்தான் லென்ஸாக்கியிருந்தீர்கள். என்னைப் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது.

"லென்சு ஒடஞ்சு போச்சுன்னு பையன் போட்டுட்டுப் போயிட்டானுங்க. சும்மா கெடக்குதேன்னு..."

நான் தட்டைத் தறிமேல் வைத்துவிட்டுக் கைப்பையைத் திறந்தேன். எங்கள் கம்பெனியில் நான் பின்னலை எண்ணும் கண்ணாடி அதில் இருந்தது, உங்களுடையதைவிட ஒரு சுற்றுப் பெரிது. "இதை வெச்சுப் பாருங்க" என்று நீட்டினேன். நீங்கள் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, "அட, இத்தன நாளா சொல்லவே இல்லீங்களே" என்றீர்கள். என்னவோ நான் பைக்குள் பாம்பு வைத்திருந்ததுபோல.

அன்று எடுத்த முதல் படம் என் பட்டுச்சேலையின் ஜரிகை. ஓரமெல்லாம் கலங்கி, நடுவில் மட்டும் தெளிந்து, ஒரு இழை தேர்வடம் மாதிரி முறுக்கிக்கொண்டு கிடந்தது. நாம் இருவரும் ஆயுள் முழுக்கத் துணியைப் பார்த்துப் பிழைத்தவர்கள். ஆனாலும் அதற்கு முன் துணியைப் பார்த்ததே இல்லை என்று தோன்றியது. எடுத்து வந்த பழத்தை மறந்தே போனோம், வாழைப்பழம் தறிமேலேயே கறுத்தது.

பிறகு நம்மைப் பிடிக்க முடிந்ததா! உக்கடத்துப் பழைய மார்க்கெட்டில் ஃபிலிம் காலத்து லென்ஸ் ஒன்றை நீங்கள் பேரம் பேசியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. வானத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, தறியில் பாவு நூல் பார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "உள்ள பூசணம் புடிச்சிருக்குதுங்களே தம்பி, இதை நாங்க எடுத்துட்டுப் போறதே உங்களுக்கு ஒதவிங்க" என்றீர்கள். கடைக்காரர் நம்மைக் கும்பிட்டுக் கொடுத்துவிட்டார். அது தானாக ஃபோகஸ் ஆகாது. கையால் திருகித் திருகித்தான் தெளிவைப் பிடிக்க வேண்டும். அதிலேதான் சுகம் என்று கண்டுகொண்டோம். கண்ணுக்கு முன்னால் ஒரு பொருள் கலங்கலிலிருந்து மெல்ல எழுந்து வருவதைப் பார்க்க எத்தனை முறை திருகினாலும் அலுக்கவில்லை.

ஸ்டாண்டுக்குப் பதில் ஒரு படி அரிசி தைத்த பை. ஃபிளாஷ் கண்ணைக் குத்தாமலிருக்க, டீ சர்ட் மடிப்புக்குள் வைக்கும் டிஷ்யூ பேப்பர். லென்ஸில் வெயில் அடிக்காமலிருக்க அதே அட்டைக் கோன். துணியில் பழுது இருக்கும் இடத்தைக் காட்ட நாங்கள் ஒட்டுவோமே, சிவப்பு அம்பு ஸ்டிக்கர், அதில் ஒரு ஷீட் கேட்டு வாங்கிக்கொண்டீர்கள். லென்ஸை எந்த அளவுக்குத் திருகினால் எவ்வளவு தூரம் தெளியும் என்று அடையாளம் வைக்கத்தான் என்றீர்கள். காங்கேயத்தில் எண்ணெய் மில் களத்தில் கொப்பரை காய்வதை மண்டியிட்டு எடுத்துக்கொண்டிருந்தபோது, வாட்ச்மேன் வந்து, "பத்திரிகைங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க, சம்பந்திங்க" என்றீர்கள் நிமிராமலே. அந்த மனிதர் கடைசிவரை நம்மிடம் விளக்கம் கேட்கவில்லை.

ஒரு நாள் நீங்கள் லென்ஸை முந்தானையில் துடைப்பதைப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த வாரமே எங்கள் கம்பெனியின் வெள்ளை பனியன் துணியில் நல்லதாகப் பார்த்து, ஒரு மடிப்புக் கட் பீஸ் கொண்டுவந்தேன். வெண்ணெய்போல் இருக்கும் துணி. "இதுல தொடைங்க, கீறலே விழாதுங்க" என்றேன். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? இந்தத் தடவை சாயம் போக இதில் சாயமே இல்லையே!

அதற்கப்புறம்தான் நம் படங்கள் மங்கத் தொடங்கின. வெயிலுக்கு எதிரே பிடித்தால் எல்லாம் வெளுத்துப் போயிற்று. உள்ளே பூசணம் பெருத்துவிட்டது என்று நான் புலம்பினேன். நீங்கள் லென்ஸை ஜன்னலுக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தீர்கள். பிறகு, "ஆமாங்க, பூசணமாத்தான் இருக்கும்" என்றீர்கள். கொஞ்ச நாளில் படங்கள் தெளிந்துவிட்டன. நானும் அதை மறந்துபோனேன்.

காரியமெல்லாம் முடிந்து கேமராவை மாப்பிள்ளை என் கையில் கொடுத்தபோது, வீட்டுக்கு வந்து நான் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? செக்கிங் புத்தி போகுமா? திரவம் வாங்கி வந்து லென்ஸைப் பளிங்குபோல் துடைத்து வைத்தேன். அப்புறம் ஏழு மாதம் உங்கள் படத்தைப் போல் ஒன்றை எடுக்கப் பாடுபட்டேன். டிஷ்யூவை முன்னால் பிடித்தேன். வாயால் ஊதி ஆவி படியவிட்டேன். கொசுவலையைக் கிழித்துக் கட்டினேன். சாம்பிராணிப் புகை போட்டதில் வீட்டுக்காரருக்கு இருமல் வந்ததுதான் மிச்சம். எதுவும் உங்கள் வெளிச்சமாக இல்லை. உங்களிடம் கடைசியாகக் கேட்ட கேள்வி அது. பதில் தெரியாமல் போனால் நம் பேச்சு பாதியில் அறுந்ததாகவே இருந்துவிடும் என்று எனக்கு ஒரு பயம்.

நேற்று சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் வருகிறார் என்று எல்லோரையும் ஏப்ரன் மாட்டச் சொல்லியிருந்தார்கள். முந்தானை உள்ளே போய்விட்டது. இல்லாவிட்டால் நான் ஏன் கண்ணாடியைக் கட் பீஸில் துடைக்கப் போகிறேன்? துணியை மூக்கில் வைத்துப் பார்த்தேன். சாஃப்ட்னர் வாசம். பனியன் துணி மெத்தென்று இருக்கக் கடைசியில் போடுவார்களே, அதுதான் கண்ணாடியில் மெழுகாகப் படிந்திருந்தது. இருபது வருடம் அந்த வாசத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். அந்தத் துணியைத்தான் லென்ஸ் துடைக்க என்று பெருமையாக உங்களிடம் கொடுத்தேன்.

இரண்டாவது தடவையும் என் சீரில் பழுது. உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்துமா சொல்லவில்லை? ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை.

இன்று ஞாயிறு. காலையில் முதல் பஸ்ஸுக்கே கேமராவோடு சோமனூர் வந்தேன். குடோன் ஆணியில் உங்கள் பை மாட்டியபடியே இருந்தது, அரிசிப் பையும் கோனுமாக. உள்ளே இரண்டு துணி. ஒன்று நான் கொடுத்த வெள்ளை, பாலித்தீன் கவரில் தனியாக மடித்து. இன்னொன்று துவைத்துத் துவைத்து நைந்த பருத்தித் துண்டு, லென்ஸ் துடைத்துத் துடைத்து அழுக்கேறியது. ரோஸ் நிறம். அண்ணனின் அந்த வேட்டியேதான்.

வெள்ளைத் துணியின் மூலையில் ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது. அந்த அம்பு என்ன சொல்லும் என்று உலகத்தில் எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

அண்ணன் பின்னால் வந்து நின்றார். "அதுல தொடைக்காதீங்க அம்மிணி, படம் மங்கிப் போயிரும்னு அவ சொல்லுவா. கொஞ்சமா தொட்டு வெச்சா வெயிலு அழகா உழுகுதுன்னு அதையும் அவளேதான் கண்டுபுடிச்சா" என்றார். "உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்லன்னு அவளைக் கேட்டனுங்க. ஒருக்கா நாலு பேரு முன்னால வாயை உட்டுட்டேன், அதுவே இன்னும் உறுத்துது, மறுக்கா எப்படிங்க குத்தம் சொல்றதுன்னாளுங்க. நல்லதா ஒரு படம் எடுத்துட்டு, அதைக் காட்டித்தான் சொல்லோணும்னா."

நான் தறியைப் பிடித்துக்கொண்டு நன்றாக அழுதேன்.

பத்து மணிக்கு வெயில் கண்ணாடி ஓட்டுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது, பஞ்சும் பறக்காது. "ஒரு தறியை ஓட்டி உடட்டுங்களா?" என்று அண்ணனே கேட்டுவிட்டு, ஸ்விட்சைப் போட்டார். நான் வெள்ளைத் துணியை லென்ஸில் ஒரே ஒரு தரம் தொட்டு எடுத்தேன். கொஞ்சம் அதிகமாகிவிட்டது போலிருக்கிறது. என் படத்தில் வெளிச்சம் வழிந்து தறியையே பாதி விழுங்கிவிட்டது, உங்கள் கைப்பக்குவம் இல்லை. ஆனாலும் தூசிகள் எரிந்தன. ஒவ்வொன்றும் தனித்தனியாக.

ரோஸ் துணியை மட்டும் அண்ணனிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். வெள்ளையை ஆணியிலேயே விட்டுவிட்டேன், அது அங்கே எடுக்கும் படத்துக்கு உரியது. பஸ்ஸில் வரும்போது ரோஸ் துணியால் லென்ஸைத் துடைத்தேன். சுத்தமாகத் துடைத்தது. அந்த மறுவீட்டு விருந்துப் பேச்சை இத்தனை வருடம் நெஞ்சுக்குள் வைத்திருந்தேன். இன்று தேடிப் பார்த்தேன், அது அங்கே இல்லை.

நாளை காலை வழக்கம்போல் ஏதாவது ஒரு துணியில் பழுது இருக்கும், நானும் அம்பு ஒட்டத்தான் ஒட்டுவேன். வேலை வேலைதான். ஆனால் ஒட்டுவதற்கு முன் அதை ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தரம் தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன். வெயில் அதில் எப்படி விழுகிறது என்று எனக்கு இனிமேல் தெரியாமல் இருக்க முடியாது.

முடியவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை வாங்க, சொல்கிறேன் என்றீர்கள். வந்தேன், சம்பந்தியம்மா. சொல்லிவிட்டீர்கள்.