அடைத்த வாசல்

அன்புத் தோழிக்கு,

நாம் பேசி ஐந்து வருடம் ஆகிறது. அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

சிங்காநல்லூரில் எங்கள் பழைய தியேட்டர் மறுபடி திறக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நடக்கும் முதல் கச்சேரி உன்னுடையது என்பதை அழைப்பிதழில்தான் பார்த்தேன். மேடையை அழகாகச் செய்திருக்கிறார்கள்.

பால்கனிக்கு இரண்டு படிக்கட்டுகள் இருந்தது உனக்குத் தெரியும். அதில் ஒன்று இறங்கும் தென்மேற்கு வாசலால்தான் தியேட்டர் நொடித்தது என்று வாஸ்துக்காரர் சொன்னாராம். பாதுகாப்புச் சோதனைக்கு வந்த அதிகாரிகள் போனதும் அப்பா அந்த வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். இப்போது சுவரை மறைத்துப் பட்டுத்திரை தொங்குகிறது.

"ஏதாச்சும் ஆனா மேல இருக்கறவங்க எப்படீங்கப்பா இறங்குவாங்க?" என்று கேட்டேன்.

"ஏறுன வழியாத்தான். பறந்தா போவாங்க? நல்ல காரியத்துல வாயை வெக்காத கண்ணு," என்று சிரித்தார்.

மிஞ்சியிருக்கும் படிக்கட்டில் இருவர் சேர்ந்து இறங்க முடியாது. நேற்று ஒலிபெருக்கியைச் சோதித்தபோது ஒயர் கருகும் வாசனை வந்தது. ஊதுபத்தி கொளுத்தி வைத்தார்கள்.

பால்கனி முழுக்கச் சொந்தக்காரப் பெண்களும் குழந்தைகளும். எல்லோரும் உன் பாட்டுக்காக வருகிறார்கள். நான் சொல்லி அப்பா கேட்கவில்லை. அந்தச் சுவரை இடித்தால்தான் பாடுவேன் என்று நீ சொன்னால் கேட்பார்.

சொல்வதும் சொல்லாததும் உன் விருப்பம். அம்மாவுக்கு மேலே முதல் வரிசையில் இடம் போட்டிருக்கிறார்கள். முழங்கால் வலியோடு அவளைத் தனியாக ஏறவிட முடியாது. நான் பக்கத்தில்தான் இருப்பேன்.

உன் குரலை முதலில் கேட்டவள்