நெட்டையனுக்கும் சேர்த்து ஒரு வேண்டுதல்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நன்றாகவே இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல் இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள். குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது, இப்போது சமையலறைக் குழாய் ஆரம்பித்திருக்கிறது. என்னப்பா குரலே சரியில்லை என்று போனில் கேட்டாயே, அம்மா பக்கத்தில் இருந்ததால் மழுப்பிவிட்டேன். இப்போது அவள் கடைக்குப் போயிருக்கிறாள்.

எங்கள் தையல் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலையை நெட்டையனுக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் கத்தரி பிடிக்கக் கற்றுக்கொடுத்த அதே நெட்டையன்தான். அவனுக்குக் கண்ணாடித் தடுப்பு போட்ட அறை, சுழல் நாற்காலி. எனக்கு வயிறு எரிகிறதம்மா, உன்னிடம் மறைப்பானேன். அதைவிட, அவன் மகளுக்கும் மேல்மாடி ஆபீசில் வேலை. சாயங்காலம் இறங்கி வந்து "அப்பா, போலாமா" என்று கூப்பிடுகிறாள், இவன் அவள் ஸ்கூட்டரின் பின்னால் ராஜா மாதிரி உட்கார்ந்து போகிறான். நான் பஸ்ஸுக்கு நிற்கிறேன். பதவியைக்கூட மன்னித்துவிடுவேன், அந்தப் "போலாமா"வைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உன் அம்மா என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். யாரைப் பிடிக்கவில்லையோ அவர்களுக்காகத் தினமும் கடவுளிடம் கேட்க வேண்டும், நம் வேதம் சொல்வது அதைத்தான் என்று வழிபாட்டில் பெரியவர் பேசினாராம். "மனசு வரலைன்னா பரவாயில்ல, வாயாவது சொல்லட்டும்" என்று பிடிவாதம். நானும் தினமும் காலையில் கைகூப்பி, நெட்டையனைக் காப்பாற்று என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லி வந்தேன்.

போன வாரம் டாக்டர் கோட்டுகளுக்குத் துணி விரித்திருந்தோம். அடுக்கின் மேல் கைப்பகுதிக்கு அளவு அட்டை வைத்துக் கோடு போட்டது நெட்டையன். அட்டையை ஒரு தடவை நேராக, ஒரு தடவை திருப்பிப் போட வேண்டும், அப்போதுதான் இடதும் வலதும் வரும். புதுப் பதவியின் அவசரத்தில் இரண்டையும் நேராகவே போட்டிருக்கிறான். வெட்டினால் அத்தனையும் இடது கை. வெட்டும் மெஷின் என் கையில். கோடு போட்டது அவன், வெட்டுவது மட்டும்தான் என் வேலை, யாரும் என்னைக் கேட்க முடியாது. அவன் நாற்காலி ஆட்டம் காண்பதை மனதுக்குள் பார்த்துவிட்டேன், இனிப்பாகவே இருந்தது. சுவிட்சில் விரல் வைத்தபோதுதான் உறைத்தது, காலையில் இவனைக் காப்பாற்று என்று கேட்ட வாய் இது. இப்போது இதைச் செய்தால் நாளைக்கு எந்த முகத்தோடு போய்க் கைகூப்புவேன்? விரலை எடுத்துவிட்டேன். அவனை அருகே கூப்பிட்டு, "கொஞ்சம் இதைப் பாருப்பா" என்று காட்டினேன். அவன் அவசரமாகக் கோட்டை அழித்து, அட்டையைத் திருப்பி வைத்து மறுபடி போட்டான்.

மாலையில் முதலாளி வந்து, ஒரு துண்டு வீணாகவில்லை, நெட்டையன் கெட்டிக்காரன் என்று எல்லார் முன்னாலும் தட்டிக்கொடுத்தார். நெட்டையன் என்னைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன், அதுதான் காலையில் விரலை எடுத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. பொறாமை போய்விட்டது என்று நினைத்துவிடாதே, இன்றைக்கும் அந்த ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். ஆனால் கெடுதல் செய்யக் கை போகவில்லை, அந்த மட்டுக்கும் கடவுள் காப்பாற்றினார்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் மனம் ஒத்து நெடுநாள் வாழ வேண்டும். கண் டாக்டரிடம் போக மறக்காதே. இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லிவிடாதே, தெரிந்தால் இன்னும் நாலு பேர் பெயரைச் சேர்க்கச் சொல்லுவாள்.

உன் நினைப்பாகவே இருக்கும்,
அப்பா