தீர்த்தம் பட்ட வண்டி

பெருமுக்கல்,
பங்குனி, ஞாயிறு.

அன்பு மகள் இளவரசிக்கு அம்மா ஆசியோடு எழுதுவது. கனடாக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும், தினமும் என் வேண்டுதல் அதுதான். இங்கே நான் நலம், உங்கப்பாவும் நலம், உன்மேல் இருந்த கோபமும் ஆறிவிட்டது. போனில் சொன்னால் பக்கத்தில் நின்று காது கொடுப்பார், அதனால்தான் அங்கே வரும் பக்கத்து வீட்டு சித்ரா மகனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். மல்லாட்டை பிடுங்கியாச்சு, கடலை நல்ல திரட்சி, உனக்கென்று ஒரு மூட்டை ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

இப்போது வண்டி விஷயம். சித்திரையில் நீங்கள் வரும்போது ஏர்போர்ட்டுக்கு அப்பா வண்டியோடு வருவார் என்று நான் சொன்னதும், அந்தத் துருப்பிடித்த வண்டியில் என் பிள்ளையை ஏற்ற மாட்டேன் என்றாயே, அன்றைக்கு அவர் சாப்பிடவே இல்லை. பனி கரைய ரோட்டில் உப்புப் போடுகிற ஊருக்குப் போனதும் வண்டிக்கு டாக்டர் ஆயிட்டாளா உன் பொண்ணு என்று என்னிடம் பாய்ந்தார். பொம்மையார்பாளையம் விடுதிக்காரரிடம் பழசாக வாங்கிய வேன்தான், கடற்காற்றிலேயே கிடந்தது, ஆனாலும் அவர் அடித்த வெள்ளைப் பெயின்டில் முகம் பார்க்கலாம். ஆனால் பெயின்ட் மேலேதானே.

மாசி மகத்துக்கு நம் அம்மன் கடலுக்குப் போகும்போது பூசாரியையும் குடத்தையும் ஏற்றிக்கொண்டு முன்னால் போவது நம் வண்டிதான், உனக்கே தெரியும். இந்த வருஷமும் வழக்கம்போல முன் சக்கரம் பின் சக்கரம் எல்லாம் அலையில் நனையும்படி இறக்கி நிறுத்திவிட்டார். திரும்பி வரும்போது என் காலடியிலிருந்து புழுதி கிளம்பி, கட்டியிருந்த பட்டுப்புடவையே செம்மண் ஆகிவிட்டது. மிதியடியைத் தூக்கிப் பார்த்தால் கீழே ரோடு ஓடுகிறது.

மறுநாளே திண்டிவனத்தில் கோபி பட்டறைக்குப் போயே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். வண்டியைத் தூக்கி நிறுத்தினான். பின்பக்க சேசிஸ் இரும்பில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் நமத்துப்போன அப்பளம்போல உள்ளே போகிறது, பிரேக் பைப்பும் துரு தின்று மெலிந்து கிடக்கிறது. பைபாஸில் வேகமா போய்க்கினு இருந்து பிரேக் புடிச்சிருந்தா பேஜாரா ஆயிருக்கும்ணே என்றான். அடியில் எப்போது கழுவினீங்க என்று கேட்டதற்கு உங்கப்பா கொஞ்சமும் யோசிக்காமல், மகம் முடிஞ்சா ஒரு மாசத்துக்குத் தண்ணி காட்ட மாட்டேன், சாமி தீர்த்தத்தை எவனாச்சும் கழுவிக்கினு இருப்பானா என்றார். வருஷா வருஷம் உப்புத் தண்ணீரை அப்படியே காயவிட்டிருக்கிறார், பக்தியாக. அம்மன் பேரைச் சொன்ன பிறகு கோபி எப்படிச் சிரிப்பான், பாவம், குனிந்துகொண்டான்.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தோம். ஊரில் இறங்கும்போதுதான் உங்கப்பா, பாப்பா சொன்னது நெஜம்தான், கொழந்தைய அதுல ஏத்தியிருப்பேனேடி என்றார். உன்னிடம் இதைச் சொல்லமாட்டார், வறட்டு கௌரவம், அதனால் நான் சொல்கிறேன்.

இப்போது பயமில்லை. இத்துப்போனதை வெட்டி எடுத்துவிட்டுப் புது இரும்பு வைத்து வெல்டிங் செய்தாயிற்று, பிரேக் பைப் எல்லாம் புதுசு, அடியில் கருப்பு கோட்டிங். வேலை முடிகிறவரை உங்கப்பா பட்டறையை விட்டு நகரவில்லை. அடுத்த வருஷம் வண்டி ரோட்டிலேயே நிற்குமாம், குடத்தைத் தோளில் சுமந்து இறக்கலாம் என்று பூசாரியிடமும் சொல்லிவிட்டார். பேத்தி உட்காரப்போகிற பின் சீட்டில் தினமும் என்னை உட்காரவைத்து விழுப்புரம்வரை ஓட்டிப் பார்க்கிறார். வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் ஆடுதா, சத்தம் வருதா என்று கேட்டுக் கேட்டு என் உயிரை எடுக்கிறார். ஆடவில்லை என்று சொன்னாலும் நம்புவதில்லை, இடம் மாறி உட்காரச் சொல்கிறார்.

நீ நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும். பிள்ளைக்கு மூட்டை மூட்டையாகத் துணி கட்டாதே, இங்கே சித்திரை வெயில். ஏர்போர்ட்டில் எங்கள் மனசுக்காக வண்டியில் ஏறாதே, டாக்சிதான் வேண்டுமென்றால் நானும் உன்னோடு டாக்சியில் வருகிறேன். ஆனால் அதற்கு முன் ஒருதரம் வண்டிக்கடியில் குனிந்து பார்த்துவிடு. நீ பார்க்க வேண்டும் என்பதற்காகவே டார்ச் லைட் ஒன்று புதிதாக வாங்கி வைத்திருக்கிறார்.

உன் அம்மா,
அம்சவள்ளி